ஆராச்சார் கேட்ட வரம்

புனித தேவசகாயத்தின் தடம் தேடிக் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் புலியூர்க்குறிச்சி, கோட்டாறு, காற்றாடிமலை என்று போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் திட்டமும் அதுதான். நடுவில் பெருவிளையைச் சேர்த்தது சித்தி.

புலியூர்க்குறிச்சி, நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற வழியில் இருக்கிறது. இறங்கினால் ஒரு பக்கம் உதயகிரிக் கோட்டை, இன்னொரு பக்கம் முட்டிடிச்சான் பாறை. கைதியாகத் தாகத்தில் தவித்த தேவசகாயம் கைமுட்டால் இடித்தபோது பாறையில் நீர் ஊறியது என்பது இங்குள்ள விசுவாசம். மக்கள் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி அவர். பிறகு தன்னைச் சிறைபிடித்த மன்னருக்கே படை பழக்கியவர். அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்டன், வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நொந்திருந்தபோது, விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னவரும் இவரே. 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது. எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்த்தூள்.

பெருவிளை நாகர்கோவிலை ஒட்டிய ஊர். அந்நாளில் ஆராச்சார்கள், அதாவது தண்டனை நிறைவேற்றுகிறவர்கள், இருந்த இடம் என்கிறார்கள். அங்கே வேப்பமரத்தில் அவரைக் கட்டிப்போட்டிருந்தார்களாம். காவல் காத்த ஆராச்சாருக்குப் பிள்ளை இல்லை. அவன் கைதியிடமே வந்து வேண்டிக்கொள்ளச் சொன்னான். இவரும் வேண்டினார், குழந்தை பிறந்தது. இது வாய்வழியாக வந்த செய்திதான். ஆனால் பாறையில் தண்ணீர் வந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய புதுமையாகப் படுகிறது. சங்கிலியைப் பூட்டினவன் வீட்டில் தொட்டில் ஆடவேண்டும் என்று, சங்கிலியில் கிடக்கிறவர் கேட்கிறார்!

கோவிலில் உட்கார்ந்திருந்தபோது யோபுவின் நினைவு வந்தது. இழப்பையும் பொறுமையையும் மட்டும் சொல்லி அந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். கடைசி அதிகாரம் வேறொன்று சொல்கிறது. ஆறுதல் சொல்ல வந்து, ‘நீ பாவம் செய்திருப்பாய்’ என்று குத்திக் குத்திப் பேசிய நண்பர்களுக்காக யோபு மன்றாடுகிறார். அவர் மன்றாடிய பிறகே ஆண்டவர் அவருக்கு எல்லாவற்றையும் திரும்பத் தருகிறார். டிலனாய் அந்தப் பகுதியையும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் தேவசகாயம் வளைந்துகொடுத்தவர் இல்லை. பழைய மதத்துக்குத் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார். அரசு கேட்ட அந்த ஒன்றை மறுத்தார், ஆராச்சார் கேட்டதை மறுக்கவில்லை. பகைவரிடம் அன்பு காட்டு என்றால், மிதிக்கிறவன் காலடியில் படுத்துக்கொள் என்று அர்த்தம் பண்ணுகிறவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. முக்கியமாக, வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு அந்த வசனத்தைக் காட்டி வாயடைக்கிறவர்களிடம்.

கோட்டாறு பேராலயத்தில் கூட்டம் அதிகமில்லை. தேவசகாயத்தின் கல்லறை அருகே சித்தி வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். கொழுந்தன் நடைபாதையை அடைத்து வேலி போட்டதிலிருந்து அவளுக்கு ஓயாத கோர்ட் அலைச்சல். அந்த வழக்குக்காகத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. அடிவாரம் எங்கும் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று இங்குள்ள காற்றாடிமலையில்தான் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியதிலிருந்து வெளியூர் வண்டிகள் கூடியிருக்கின்றன. பாறையில் மூச்சுவாங்க உட்கார்ந்தபோது சித்தியிடம் கேட்டேன்.

“கோட்டாத்துல அவ்வளவு நேரம் என்ன வேண்டினிய?”

“கொழுந்தனுக்க மவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமையணும்னு. பாவம், வயசு போய்ட்டு இருக்கு.”

“அப்போ கேஸ்?”

“அது நடக்கட்டும் மக்களே. வழி நமக்குள்ளதாக்கும்லா. அடுத்த வாய்தாவுக்கு நீயும் கூட வரணும்.”