செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குச் சைக்கிளில்

செங்கோட்டையிலிருந்து புளியரை வரை வயல்வெளிச் சாலை, சுலபம். ஏற்றம் எஸ் வளைவில்தான் தொடங்கும். கியர்ச் சக்கரத்தில் முன்னால் 34, பின்னால் 32 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறலாம். கியர் இல்லாத வண்டியா, இறங்கித் தள்ளுங்கள். முட்டியை விட மானம் பெரிதில்லை.

பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, லாரிக்கு. நீள லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் ஒட்டி நிற்பவர் அதில் மாட்டுவார். வளைவுக்கு முன்பே ஒதுங்கி, லாரியைப் போகவிட்டு ஏறுங்கள்.

ஆனி, ஆடியில் சாரலோடு மேல்காற்றும் கணவாய் வழியே எதிரில் அடிக்கும். விடியற்காலையில் கிளம்பினால் லாரியாவது குறையும்.

ஆரியங்காவைத் தாண்டி, தென்மலைப் பக்க இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஈர ரிம்மில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். முதலில் லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிட வேண்டும். மழையில் பிரேக் கட்டை சீக்கிரம் தேயும், ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள்.

கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் ரயில் பாலம் சாலையிலிருந்தே தெரியும். இந்தப் பாதையில் ரயில் 1904-இல் வந்தது. படம் எடுப்பதென்றால் வண்டியைத் தார்ச்சாலைக்கு வெளியே நிறுத்துங்கள்.