எம்எல்எச்1 என்ற ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: பெருங்குடல் புற்றுநோயில் எபிஜெனடிக் மாற்றங்கள்

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படித்தபோது செமினாருக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு பெருங்குடல் புற்றுநோயில் எபிஜெனடிக் மாற்றங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள் மாறாமலே மரபணுவின் இயக்கம் மாறுவது. அதே பாடம் அப்புறம் ப்ராஜெக்ட் வைவாவிலும் வந்தது, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்குத் தயாரானபோதும் வந்தது. இந்தப் பகுதியை எப்படிப் படிப்பது என்று ஜூனியர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். மரபணுப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். எம்எல்எச்1 என்ற ஒரே மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல குடலில் அது என்ன வேலை செய்கிறது என்பதில் தொடங்கி, நோயாளியின் பயாப்ஸி ரிப்போர்ட் வரைக்கும் அதன் கூடவே போங்கள். மற்ற மரபணுக்கள் தாமாக அதைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எந்த ரிவியூ கட்டுரையைத் திறந்தாலும் மெத்திலேற்றத்தால் (டிஎன்ஏ-வின் மேல் மெத்தில் தொகுதி ஏறுவதால்) அடங்கிப்போன மரபணுக்கள் என்று ஒரு நீள அட்டவணை இருக்கும். அதைப் படித்து முடிக்கும்போது எல்லாப் பெயரும் தெரிந்தது போல இருக்கும். தேர்வில் ஒரு ஜெல் படத்தைக் கொடுத்து “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்டால் அந்த அட்டவணை உதவாது.

முதலில் அடிப்படை. இதில் அதிக நேரம் செலவாகக் கூடாது. டிஎன்ஏ-வில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களில், சைட்டோசினின் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஏறலாம். புதிதாக ஏற்றும் நொதிகள் டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி. செல் பிரியும்போது பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே அடையாளத்தைப் போடுவது டிஎன்எம்டி1. பல மரபணுக்களின் புரோமோட்டர் பகுதியில் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடத்தில்) இப்படிப்பட்ட சிஜி இணைகள் கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு சிபிஜி தீவு என்று பெயர். நல்ல செல்லில் பெரும்பாலும் அங்கே மெத்தில் இருக்காது. அங்கே மெத்தில் ஏறிவிட்டால் மரபணு அடங்கிவிடும். டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. புத்தகத்தில் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும், பக்கங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் படிக்க முடியாதல்லவா, அந்த நிலைமைதான்.

இனி எம்எல்எச்1. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது விழும் பொருந்தாத் தவறுகளைச் சரிசெய்யும் புரதங்களில் ஒன்று இது. இந்தப் பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்று விளக்கியதற்காகத்தான் பால் மோட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எம்எல்எச்1 அடங்கிப்போனால் தவறுகள் திருத்தப்படாமல் சேரும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட் பகுதிகளில் அவை அதிகமாகச் சேரும். டிஜிஎஃப்-பீட்டா ஏற்பி 2-இன் மரபணுவுக்குள் பத்து அடினின்கள் வரிசையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதில் ஒன்று குறைந்தாலே மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் வாசிப்புச் சட்டம் பிறழ்ந்துவிடும். செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு பிரேக் அங்கே போய்விடுகிறது. இந்தச் சங்கிலியைப் பாருங்கள்: மெத்திலேற்றம் எழுத்தை மாற்றவில்லை, ஆனால் எழுத்துகள் மாறுவதற்கு வழிவிட்டது. எபிஜெனடிக் மாற்றமும் மரபணுப் பிறழ்வும் தனித்தனிப் பாதைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. விடைத்தாளில் இந்தச் சங்கிலியை அம்புக்குறி போட்டு வரையுங்கள்.

பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தில் இந்த மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை இருக்கும். அதில் சிறு பங்கு லின்ச் சிண்ட்ரோம். இந்தப் பழுதுபார்ப்பைக் கெடுக்கும், பெற்றோரிடமிருந்து வரும் பிறழ்வு அது, மொத்த நோயாளிகளில் 3 சதவீதம் அளவில்தான். மீதி பெரும்பாலானவை பரம்பரையாக வந்தவை அல்ல. எம்எல்எச்1 புரோமோட்டரில் இடையில் ஏறிய மெத்திலால் வந்தவை. நிலையின்மை என்றதும் லின்ச் என்று எழுதிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அது தெரியும்.

இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் ஒரு ரிப்போர்ட்டை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள்: வயது 70-ஐத் தாண்டிய பெண், வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியில் (புரதம் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனையில்) எம்எல்எச்1 இல்லை, பிஎம்எஸ்2 இல்லை, எம்எஸ்எச்2-உம் எம்எஸ்எச்6-உம் இருக்கின்றன; நான்குமே பழுதுபார்ப்புப் புரதங்கள். ஸ்லைடில் கட்டிச் செல்களின் உட்கருக்கள் நீலமாகவே நிற்கும். பக்கத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளின் உட்கருக்கள் பழுப்பாகச் சாயம் ஏறியிருக்கும். அந்தப் பழுப்பைப் பார்த்த பிறகுதான் சாயம் வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம். அதுவும் நீலமாக இருந்தால் அந்த ஸ்லைடை வைத்து எந்த முடிவும் சொல்லக் கூடாது. வைவாவில் என்னிடம் “இதில் உள் கட்டுப்பாடு எது?” என்று கேட்டது இதைத்தான்.

இரண்டு புரதம் காணாமல் போனதால் இரண்டு மரபணுவும் கெட்டது என்று பொருளில்லை. பிஎம்எஸ்2 நிலைத்து நிற்க எம்எல்எச்1 துணை வேண்டும். துணை போனால் அதுவும் சிதைந்துவிடும். அடுத்த படி, செல் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் பிராஃப் மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் ஏறக்குறைய உறுதியாக அது பரம்பரை நோய் அல்ல. இல்லையென்றால் உடனே லின்ச் என்று முடிவுகட்டிவிட முடியாது. மெத்திலால் வந்த கட்டிகளிலும் கணிசமானவற்றில் இந்தப் பிறழ்வு இருப்பதில்லை. அப்போது எம்எல்எச்1 புரோமோட்டர் மெத்திலேற்றத்தைச் சோதிப்பார்கள். அதுவும் இல்லையென்றால்தான் பரம்பரைப் பிறழ்வுக்கான ரத்தப் பரிசோதனை. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். லின்ச் என்றால் அந்த நோயாளியின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டும். இடையில் ஏறிய மெத்தில் என்றால் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை. அதனால் இந்தப் பகுதியை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிராஃப் ஏன் இங்கே வந்தது? எம்எல்எச்1 தனியாக மெத்திலேறுவது குறைவு. பல சிபிஜி தீவுகள் ஒரே கட்டியில் சேர்ந்து மெத்திலேறும் போக்கு ஒன்று உண்டு. சுருக்கமாக சிம்ப் என்பார்கள். 1999-இல் டொயோட்டா, இஸ்ஸா குழுவினர் இதை முன்வைத்தார்கள். அப்படி ஒரு தனி வகை உண்மையில் உண்டா என்று விவாதம் நடந்தது. 2006-இல் வைசன்பெர்கர், லேர்ட் குழுவினர் ஐந்து மரபணுக்களைக் கொண்ட ஒரு குறிப்பான் தொகுதியை வைத்து, சிம்ப் கட்டிகளும் பிராஃப் பிறழ்வும் இறுக்கமாகச் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். இந்தக் கட்டிகள் வழக்கமான அடினோமா என்ற தீங்கற்ற கட்டியிலிருந்து வராமல், ரம்பப்பல் விளிம்புள்ள செரேட்டட் புண்களிலிருந்து வருபவை. பெரும்பாலும் வலப்பக்கம், வயதானவர்கள், பெண்கள். 1990-இல் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் வரைந்த ஏபிசி, கேராஸ், டிபி53 மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும் படிக்கட்டைத்தான் எல்லோரும் படித்திருப்போம். அதன் பக்கத்தில் இந்த இரண்டாவது பாதையையும் ஒரே தாளில் வரைந்து வையுங்கள்.

செய்முறைகளில் ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் பைசல்ஃபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேதிப்பொருளை டிஎன்ஏ-வில் சேர்த்தால் மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறும், பிசிஆரில் (டிஎன்ஏ-வைப் பெருக்கும் முறையில்) தைமினாகப் படிக்கப்படும். மெத்தில் ஏறிய சைட்டோசின் மாறாமல் நிற்கும். இந்த வேறுபாட்டுக்கு ஏற்ப இரண்டு ஜோடி பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) வைத்தால் மெத்திலேஷன் ஸ்பெசிஃபிக் பிசிஆர். ஒவ்வொரு மாதிரிக்கும் ஜெல்லில் இரண்டு தடங்கள் வரும்: மெத்தில் ஏறியதற்கு ஒன்று, ஏறாததற்கு ஒன்று. கட்டி மாதிரியில் இரண்டு தடத்திலும் பட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம். கட்டித் திசுவில் நல்ல செல்களும் கலந்திருக்கும், ஒரு பிரதி மட்டும் மெத்திலேறிய செல்லும் இருக்கலாம்.

இதோடு சேர்த்துப் பழக வேண்டிய சோதனை ஒன்று. ஆர்கேஓ, எச்சிடி116 இரண்டுமே பெருங்குடல் புற்று செல் வரிசைகள், இரண்டிலும் எம்எல்எச்1 புரதம் இல்லை. 5-அஸா-டிஆக்ஸிசைட்டிடின் என்ற, மெத்திலை நீக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆர்கேஓ-வில் புரதம் திரும்புகிறது, எச்சிடி116-இல் திரும்புவதில்லை. முதலாவதில் அடக்கியது மெத்தில், இரண்டாவதில் மரபணுவிலேயே பிறழ்வு. இந்த மருந்து டிஎன்ஏ-வுக்குள் நுழைந்து டிஎன்எம்டி-யைச் சிறைபிடிக்கிறது, அதனால் செல் பிரிந்தால்தான் பலன் தெரியும். நெட் லைஃப் சயின்சஸ் தாளின் பகுதி சி-யில் 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுதுகிறோம், தலா 4 மதிப்பெண். அங்கே இந்த மாதிரித் தர்க்கம்தான் கேட்கப்படும்.

ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புற்றுநோயில் மெத்தில் கூடுகிறதா குறைகிறதா? இரண்டும் நடக்கிறது, இடம்தான் வேறு. 1983-இல் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் முதலில் கண்டது குறைவைத்தான். லைன்-1 போன்ற திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில் மெத்தில் குறையும், குரோமோசோம்கள் நிலைகுலையும். புரோமோட்டர் தீவுகளில் மட்டும் கூடும். கேள்வியில் “எங்கே” என்ற சொல்லைத் தேடிவிட்டு விடைக்குப் போங்கள்.

எம்எல்எச்1 பிடிபட்ட பிறகு மற்றவை விரைவாக வரும். எம்ஜிஎம்டி என்ற இன்னொரு பழுதுபார்ப்பு மரபணு அடங்கினால் குவானின் மேல் ஏறிய ஆல்கைல் சேதம் நீங்காது, அந்த இடம் அடினினாக மாறும். கேராஸில் காணும் ஜி12டி பிறழ்வு அதே வகை மாற்றம். எஸ்எஃப்ஆர்பி மரபணுக்கள், செல்களைப் பெருகச் சொல்லும் விண்ட் சமிக்ஞையைத் தடுப்பவை, மிக ஆரம்பக் கட்டத்திலேயே அடங்குகின்றன. அதே சமிக்ஞைக்கு இன்னொரு தடையான ஏபிசி கெட்ட கட்டியிலும் அவற்றைத் திரும்ப இயங்கவைத்தால் சமிக்ஞை தணிகிறது. ஏபிசி போன பிறகு இவற்றால் பயனில்லை என்று ஒரு வாக்கியம் கொடுத்தால் அது தவறு என்று குறியுங்கள்.

நோயறிதல் பக்கத்தில் இரண்டு போதும். ரத்தத்தில் செப்டின்9 மரபணுவின் மெத்திலேற்றத்தைப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்க எஃப்டிஏ 2016-இல் ஒப்புதல் தந்தது. மலத்தில் என்டிஆர்ஜி4, பிஎம்பி3 மரபணுக்களின் மெத்திலேற்றத்தோடு கேராஸ் பிறழ்வையும் ஹீமோகுளோபினையும் பார்க்கும் கோலோகார்டு என்ற சோதனைக்கு 2014-இல் ஒப்புதல். அதே ஆண்டு வந்த பெரிய ஆய்வில் அது புற்றுநோயில் 92.3 சதவீதத்தைப் பிடித்தது, ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கும் ஃபிட் சோதனை 73.8 சதவீதத்தைப் பிடித்தது. ஆனால் நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொல்வதில் ஃபிட் முன்னால் நின்றது: ஏறத்தாழ 95-க்கு 87. இந்த இரண்டு ஜோடி எண்களையும் சேர்த்தே படியுங்கள். முதல் ஜோடியை மட்டும் சொன்னால் வைவாவில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கடைசியாக, வைவாவுக்குப் போகுமுன் எப்கேம் மரபணுவை ஒருமுறை பாருங்கள். அது எம்எஸ்எச்2-க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அதன் வால்பகுதி அழிந்தால் படியெடுப்பு நிற்காமல் எம்எஸ்எச்2-க்குள் ஓடி, அதன் புரோமோட்டரை மெத்திலேற்றிவிடும். எம்எஸ்எச்2-இல் பிறழ்வே இல்லாத லின்ச் குடும்பங்கள் சிலவற்றுக்கு 2009-இல் விளக்கம் கிடைத்தது இப்படித்தான். பரம்பரையாகப் போவது அழிந்த துண்டு, மெத்தில் அதன் விளைவு. “மெத்திலேற்றம் பரம்பரையாக வருமா?” என்று கேட்டால், இந்த எடுத்துக்காட்டிலிருந்து விடையைத் தொடங்குங்கள்.