பந்தை இறக்காதே

25 ஜூன் 2024

காலையிலிருந்து நாலு பேர் ஒரே வீடியோவை அனுப்பிவிட்டார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரில் நடக்கும் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து ஆசியக் கோப்பை, சீனாவுக்கு இந்தோனேசியாவோடு முதல் ஆட்டம். சீன அணியின் ஜாங் ஸியூ, வயது 17, உயரம் 2.20 மீட்டர், அதாவது ஏழடியைத் தாண்டி இன்னும் ரெண்டு மூணு அங்குலம். 13 நிமிடம்தான் ஆடினாள், 19 புள்ளி. பந்து மேலே வருகிறது, பிடிக்கிறாள், திரும்புகிறாள், கூடையில் போடுகிறாள், கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. அனுப்பியவர்கள் சொன்னதும் ஒன்றேதான்: "இது போங்கு."

போங்கா? நான் கல்லூரியில் சென்டர், அதாவது கூடையடியில் நிற்கும் உயரமானவளின் இடத்தில், ஆடியவள். ஐந்தடி ஒன்பது, எங்கள் டீமில் அதுவே பனைமரம். பந்தைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில் நெஞ்சுக்கு இறக்குவேன், அடுத்த நொடி கீழேயிருந்து ஒரு குட்டைக் கை வந்து தட்டிக்கொண்டு போய்விடும். "இறக்காதே, இறக்காதே" என்று கத்திக் கத்தியே எங்கள் கோச்சுக்குத் தொண்டை கட்டியது. இந்தப் பெண் பிடித்த பந்தைத் தலைக்கு மேலேயே வைத்திருக்கிறாள். அது உயரத்தோடு பிறந்து வருவதில்லை, பழகினால்தான் வரும். அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து ஆடியவர்களாம், வீட்டிலும் யாராவது கத்தியிருப்பார்கள்.

1 ஜூலை 2024

நேற்று ஃபைனல். ஜாங் மட்டும் 42 புள்ளி. சீனா ஆஸ்திரேலியாவிடம் 79-96 என்று தோற்றது. போங்கு என்ற நாலு பேரில் ஒருவர்கூட இந்த ஸ்கோரை அனுப்பவில்லை.

அந்தப் பக்கம் கூடை போட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வர வேண்டும், எதிராளி வெளியே நின்று மூன்று புள்ளி ஷாட் போட்டால் கூடையடியை விட்டு நகர்ந்து போய் மறிக்க வேண்டும், அத்தனை பெரிய உடம்புக்கு அதுதான் பெரிய வேலை. அப்புறம் அந்த உயரத்துக்குச் சரியாகப் பாஸ் போட ஒருத்தி வேண்டும். அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

3 ஜூலை 2024

சீன அணியின் பழைய சென்டர் ஜெங் ஹைஷியா ஞாபகம் வந்தது. 2.04 மீட்டர். 1984 ஒலிம்பிக்கில் வெண்கலம், 1992 பார்சிலோனாவில் வெள்ளி. 1994 உலகப் போட்டி சிட்னியில் நடந்தது, ஃபைனலில் பிரேசிலிடம் தோல்வி, ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை ஜெங்தான். தோற்ற அணியில் நின்றுகொண்டு அந்தப் பரிசை வாங்குவது எப்படி இருந்திருக்கும்! முப்பது வயதில் அமெரிக்கா போய் 1997இல் லாஸ் ஏஞ்சலஸ் அணியில் ஆடினார், அந்த வருஷம் நன்னடத்தைக்கான பரிசும் அவருக்குத்தான். உயரமானவர்கள் முழங்கையால் இடிப்பார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

29 ஜூலை 2024

பாரிஸ் ஒலிம்பிக். சீனப் பெண்கள் ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள், 89-90. ஹான் ஷு, லி யுவேரு, ஆறரை அடியைத் தாண்டிய இருவர் ஒரே அணியில். 2022 உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கியதும் இந்த இருவர் இருந்த அணிதான், அதுவும் அதே சிட்னியில். இன்று எழுத மனசில்லை.

20 ஜூலை 2025

ஜாங் சீனியர் அணிக்கு வந்துவிட்டாள். பெண்கள் ஆசியக் கோப்பை, ஊர் அதே ஷென்ஜென், முதல் ஆட்டம் மறுபடியும் இந்தோனேசியாவோடுதான், 18 புள்ளி. மறுபடியும் வீடியோ, மறுபடியும் போங்கு. நேற்று அரையிறுதியில் ஜப்பான், குட்டைப் பெண்கள், நிற்காத ஓட்டம், சீனாவை 90-81 என்று ஜெயித்துவிட்டார்கள்.

இன்று மூன்றாம் இடத்துக்குத் தென்கொரியாவோடு ஆட்டம். இந்தத் தடவை ஜாங்கை விட்டுவிட்டு அவளுக்குப் பாஸ் போடும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.