மாஸ்ரரின் கொப்பி

எங்கள் கல்லூரிச் சிற்றாலயப் பாடகர் குழுவைப் பழக்கிய மாஸ்ரருக்கு ஆங்கில எழுத்தில் நம்பிக்கையே இல்லை. "அதைப் பாத்துப் பாடினா இங்கிலிசுக்காரன் மாதிரித்தான் பாடுவியள்" என்று இலத்தீன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில்தான் கொப்பியில் எழுதுவிப்பார். எழுபதுகள் அவை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்துவிட்டது. நற்கருணை ஆசீர்வாதத்தில் 'தாந்தும் எர்கோ', வயதான சுவாமிமாரின் அடக்கப் பூசையில் 'ரேக்வியெம் ஏத்தேர்னாம்'. எங்களுக்கு மிஞ்சிய இலத்தீன் அவ்வளவுதான். அந்த அடக்கப் பாட்டில் வரும் 'லூச்சேயாத்' என்பதில் ஒரு 'ச்' குறைந்தால் அடிமட்டம் மேசையில் விழும். மேசையில் மட்டுந்தான் என்று சொல்லமாட்டேன்.

இங்கே சிங்கப்பூரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தேன். அவர்கள் எடுத்திருந்தது அமெரிக்க இசையமைப்பாளர் மோர்ட்டன் லோரிட்சனின் 'லுக்ஸ் ஏத்தேர்னா'. 1997இல் லொஸ் ஏஞ்சலிசில் முதன்முதல் பாடப்பட்டது. தாயார் சாகக் கிடந்த காலத்தில் எழுதியிருக்கிறார். ஐந்து பகுதிகள். முதலிலும் முடிவிலும் மரித்தோர் பூசையின் வரிகள். நடுவில் வேறு பழைய இலத்தீன் பாட்டுகள். எல்லாம் ஒளி வரும் பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியவை. தீர்வை நாளைச் சொல்லி நடுங்கவைக்கும் 'தியேஸ் ஈரே' பக்கமே அவர் போகவில்லை. "இனிப்புக் கூடிப்போச்சு" என்பார் என் பக்கத்துச் சீன நண்பர். சில இடங்களில் எனக்கும் அப்படித்தான். ஆனால் மூன்றாம் பகுதியான 'ஓ நாத்தா லுக்ஸ்' வந்து, வாத்தியங்கள் ஓய்ந்து குரல்கள் மட்டும் நிற்கும்போது அவரிடமிருந்து முறைப்பாடு வராது.

முதல் ஒத்திகையில் குழுவை நடத்தும் அம்மா உச்சரிப்போடு மல்லுக்கட்டினார். 'ஏ' எல்லார் வாயிலும் 'ஏய்' ஆனது. 'ஓ' வளைந்து 'ஓவ்' ஆனது. 'எத்' என்பது 'எட்' ஆனது. என்னிடம் வந்ததும், இத்தாலியில் இருந்தீர்களா என்று கேட்டார். தமிழ் எழுத்தில் படித்தேன் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நம் ஏயும் ஓவும் எவ்வளவு இழுத்தாலும் வளையாது; நம் 'த' பல்லில்தான் தட்டும். மாஸ்ரருக்கு இது தெரிந்திருந்தது.

அவர் சொல்லித் தராதது பொருள். இசைத்தாளின் முன்பக்கத்தில் மொழிபெயர்ப்பு இருந்தது. 'லுக்ஸ் பெர்பேத்துவா' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. முடிவில்லாத ஒளி. செபமாலை முடிந்ததும் அப்பாச்சி செத்துப்போனவர்களுக்காக முணுமுணுக்கும் அதே சொற்கள்! அவவோடு சேர்ந்து தமிழில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சிற்றாலயத்தில் இலத்தீனில் பாடியிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று தெரிய எனக்கு அறுபது வயது தாண்டவேண்டியிருந்தது. அந்த நவம்பரில் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் அப்பாச்சிக்காக அதைத் தமிழில் சொன்னேன். மாஸ்ரருக்கு இலத்தீனில். 'ச்' குறையாமல்.

சீன நண்பர் இப்போது என் உச்சரிப்பைக் கைபேசியில் பதிந்து அனுப்பச் சொல்லிப் பழகுகிறார். கடைசியாக அனுப்பியதில் 'லூச்சேயாத்' முடிகிற இடத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. அதுவும் பாட்டில் உள்ளதா என்று கேட்டு எழுதியிருந்தார்.