பேக்கிங் டேப்பும் மாமாவும்

ஆர்வி, அதாவது சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியை ஓட்டக்கூடப் பழகிவிடலாம்; அதில் கிளம்புவதுதான் பெரும்பாடு. நிறுத்தின இடத்தில் அது வீடாகிவிடுகிறது. அடுப்பு மேடையில் கெட்டில் உட்கார்ந்துகொள்கிறது, ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி வந்துவிடுகிறது, சோபாவுக்கு அடியில் யார் யாருடைய செருப்போ சேர்ந்துவிடுகிறது. மறுபடி சாலையில் ஏற வேண்டுமானால் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக வண்டியாக்க வேண்டும். அதிலும் ஸ்லைடு வைத்த வண்டி என்றால் வேலை இரட்டிப்பு.

ஸ்லைடு என்றால் சுவரோடு சேர்ந்து வெளியே நீளும் அறைத் துண்டு. அமெரிக்காவில் இந்த வண்டிகளின் அகலம் பொதுவாக 102 அங்குலத்துக்குள், அதாவது எட்டரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் சோபா, மேசை, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் போட்டுவிட்டால் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. நியூமார் நிறுவனம் 1990இல் மோட்டார் ஹோமில், அதாவது தானே எஞ்சினோடு ஓடும் ஆர்வியில், ஸ்லைடைக் கொண்டுவந்தது. அப்புறம் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நிறுத்தியதும் பொத்தானை அழுத்தினால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் சுவரோடு வெளியே போய், நடுவில் ஒரு கூடம் பிறக்கும். கிளம்பும்போது அவ்வளவும் திரும்ப உள்ளே வரும். வழியில் எது நின்றாலும் வரும். மோட்டாருக்குக் கண் கிடையாது.

இந்த முறை எங்களோடு மாமனாரும் வந்திருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர். கயிறு, டேப், பூட்டு இந்த மூன்றைத் தவிர உலகத்தில் எதையும் நம்ப மாட்டார். முதல் நாளே அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னக் கொக்கியை நம்பியா மாப்பிள்ளை இவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" என்றார்.

"எல்லா வண்டியிலயும் அதுதான் மாமா."

"எங்க கிடங்குல ஒரு சாமான் உடைஞ்சதில்லை."

"உங்க கிடங்கு ஓடாதே மாமா."

"கிடங்கு ஓடலை. லாரி ஓடிச்சுல்ல?"

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. கிளம்பும் நாளன்று உள்வேலை முழுக்க மாமாவின் பொறுப்பு என்று வீட்டம்மா தீர்ப்பு வழங்கிவிட்டாள். சமையலறைக் கதவின் உட்புறம் அவள் லேமினேட் செய்து ஒட்டி வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் "ஆச்சா?" என்பார். "ஆச்சு" என்றால் போதாது, போய்த் தொட்டுப் பார்ப்பார்.

அந்தப் பட்டியலை எழுதியவள் அனுபவஸ்தி. முதல் வரியே மைக்ரோவேவுக்குள் சுழலும் கண்ணாடித் தட்டுதான். அதை உள்ளேயே விட்டால் வழியெல்லாம் கடகடவென்று ஆடி, ஏதாவது ஒரு பள்ளத்தில் இரண்டாகிவிடும். எடுத்துத் துண்டில் சுற்றி, மெத்தை மேல் போர்வைக்கு நடுவே வைக்க வேண்டும். தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு காகிதத் துண்டு. டின்கள், எண்ணெய் பாட்டில் எல்லாம் கீழ் அலமாரிக்கு. மேல் அலமாரியில் பிஸ்கட், காகிதத் தட்டு மாதிரி தலையில் விழுந்தாலும் உயிர் போகாதவை மட்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வளைவில் பொருள்கள் சாய்ந்து கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஓடும்போது சத்தம் வராது. நிறுத்தின பிறகு நீங்கள் ஆசையாகக் கதவைத் திறப்பீர்கள், டின் உங்களை நலம் விசாரிக்கும்.

குளியலறையில் கண்ணாடிக் கதவுக்குப் பட்டை, ஷாம்பு பாட்டில்களைத் தொட்டித் தரையில் படுக்க வைப்பது, இதெல்லாம் சின்ன வேலை. டாய்லெட் பேப்பர் உருளையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. வண்டியின் ஆட்டத்தில் அது தானே உருண்டு உருண்டு, நாம் இறங்கும்போது தரை முழுக்க வெள்ளை விரிப்பு போட்டு வரவேற்கும். ஒரு ரப்பர் பேண்டு போட்டால் அடங்கும். மாமா அதற்கு ரப்பர் பேண்டு போடவில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் கூரை மேல் இருந்தேன். ஸ்லைடு வெளியே நீண்டிருக்கும்போது அதன் தலைக்கு மேல் ஒரு துணி விரிந்திருக்கும், டாப்பர் என்பார்கள். மழையும் இலையும் ஸ்லைடின் மேல் விழாமல் காக்க வேண்டியது அதன் வேலை. காக்கும், ஆனால் தன் மேல் தேக்கி வைத்துக்கொள்ளும். முந்தின இரவு நல்ல மழை. துணி நடுவில் தொய்ந்து குளமாகியிருந்தது, அதில் சருகு மிதந்தது. துடைப்பத்தால் சருகைத் தள்ளிவிட்டேன். அதை அப்படியே விட்டால் ஓரத்து ரப்பரில் சிக்கி, ஸ்லைடோடு உள்ளே வந்து, கூரையோரத்தில் ஈரம் இறங்க வழி செய்துவிடும். தண்ணீருக்கு வேறு வைத்தியம்: ஸ்லைடைக் கொஞ்சம் மட்டும் உள்ளே இழுத்தால் துணி இறுகி, நீர் ஓரமாக வழிந்துவிடும்.

கீழே இறங்கி, எல்லோரையும் எச்சரித்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டேன். மாமா மட்டும், "எந்தப் பக்கம் வழியுதுன்னு யாராவது பார்க்கணும்ல?" என்று வெளியே போய் நின்றார். எந்தப் பக்கம் வழிந்தது என்பதை அவர் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர், "தண்ணி சுத்தமாத்தான் இருக்கு" என்று அறிக்கை மட்டும் கொடுத்தார்.

அடுத்து முழு இழுப்பு. எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் ஸ்லைடு அசையும். பேட்டரி சோர்ந்திருந்தால் மோட்டார் முனகும். அதனால் வெளி மின்சாரத்தை இந்த வேலை முடியும்வரை பிடுங்க மாட்டோம். டிரைவர் இருக்கையை முன்னே தள்ளி, சாய்வை நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே வரும் சோபாவின் ஓரம் நேராக வந்து அதன் முதுகில் இடிக்கும். தரையைப் பெருக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தவர்கள் பலர் தரையில் நீளமாக ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். செருப்போடு வந்த ஒரு சின்னக் கல் ஸ்லைடுக்கு அடியில் மாட்டிக்கொண்டு போட்ட கோடு. எதிர்ப்பக்கச் சமையலறை டிராயர்கள் மூடியிருக்க வேண்டும். யாரும் உள்ளே வரும் பாதையில் நிற்கக் கூடாது.

யாரும் சோபாவில் உட்காரவும் கூடாது. இதை நான் சொல்லவில்லை, மாமாவைத் தேடியபோதுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"எழுந்திருங்க மாமா, ஸ்லைடு உள்ள வருது."

"வரட்டும். நானும் அதோட வர்றேன்."

"ஆள் இருக்கும்போது இழுக்கக் கூடாது மாமா. மோட்டாருக்குப் பாரம்."

"எழுபது கிலோதான் இருக்கேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பேத்தி, "தாத்தா, அது பூங்கா ரயில் இல்ல" என்றாள். அவளுடைய வேலை உள்ளே ஓரமாக நின்று, எதையாவது கண்டால் 'நிறுத்து' என்று கத்துவது. குரல் வளத்தைப் பார்த்து நாங்கள் கொடுத்த பதவி.

அழுத்தினேன். ஸ்லைடு மெல்ல வந்தது. ஜன்னல் கிட்டே வந்தது, மேசை கிட்டே வந்தது, கூடம் குறுகிக்கொண்டே வந்தது. இன்னும் ஓரடிதான் பாக்கி.

"நிறுத்துப்பா!"

விரலை எடுத்தேன். எதிர்ப்பக்க டிராயர் ஒன்று முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சோபாவின் கைப்பிடிக்கும் டிராயரின் முகத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. டிராயருக்குப் பின்னால் மாமா, கையில் கத்தரிக்கோலுடன்.

"டேப் வெட்ட எடுத்தேன் மாப்பிள்ளை. நீங்க நடத்துங்க."

என் மனைவி பேசாமல் அவர் கத்தரிக்கோலால் வெட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அதை வாங்கி டிராயரில் போட்டு, டிராயரை மூடினாள். மறுபடி அழுத்தினேன். எங்கள் ஸ்லைடுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார். முழுசாக உள்ளே வந்து நின்ற பிறகும் சில விநாடி பொத்தானை விடக் கூடாது. அப்போதுதான் இரண்டும் சரியாக ஒத்துப்போகும். இல்லையென்றால் அடுத்த தடவை ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி, கோணலாக வரும். அந்தச் சில விநாடியில் பின்னால் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ ரப்பர் உரசுகிறது என்று நினைத்தேன். கேபிளைக் கழற்றுவது, தண்ணீர்க் குழாயைச் சுருட்டுவது, கேஸை மூடுவது, ஆன்டெனாவை இறக்குவது, படிக்கட்டை மடக்குவது என்று வெளிவேலை காத்திருந்தது. போய்விட்டேன்.

அன்றைக்கு ஓட்டியதை என்னால் மறக்க முடியாது. மோட்டார் ஹோமில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வரும் சத்தங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கிணுகிணு என்றால் கரண்டி. டொக் டொக் என்றால் குளியலறைக் கதவு. உருண்டு போய் எங்கோ முட்டி நின்றால் உருளைக்கிழங்கு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்னிருந்து ஒரு பதில் வரும், மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். அன்றைக்கு எதுவும் இல்லை. பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கி ஏறியது. நான் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். மயான அமைதி. கண்ணாடியில் பார்த்தேன். சீட் பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"பார்த்தீங்களா?" என்றார்.

"ஒத்துக்கிறேன் மாமா."

மகள்தான் முதலில் வில்லங்கத்தைக் கண்டுபிடித்தாள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியதும் பின்னால் ஓடியவள், ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள். "அம்மா, பாத்ரூம் தொறக்கல." போய்ப் பார்த்தோம். குளியலறைக் கதவின் நெடுகிலும், மேலிருந்து கீழ்வரை, பழுப்பு நிற பேக்கிங் டேப். ரப்பர் பேண்டு போடாததன் ரகசியம் இதுதான்: கதவே திறக்காதபோது உள்ளே பேப்பர் உருண்டால் என்ன, உருளாவிட்டால் என்ன?

சுற்றிப் பார்த்தேன். மேல் அலமாரிகள் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. டிராயர்களுக்குக் குறுக்கே நீளமாக இரண்டு வரிசை. ஃப்ரிட்ஜ் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்கப் போகும் பெட்டி போல, முன்னும் பக்கவாட்டிலுமாகச் சுற்றப்பட்டிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவுக்கு வண்டியிலேயே ஒரு பூட்டுக் கொக்கி உண்டு. உள்ளே பால் பாட்டிலும் முட்டையும் நகராமல் இருக்க ஸ்ப்ரிங் கம்பிகளும் போட்டிருந்தோம். அதெல்லாம் அவருக்குக் காணாது.

"அப்பா, என்னப்பா இது?"

"ஏன், ஒண்ணு ஆடிச்சா?"

ஆடவில்லைதான். மகளை ஓய்விடத்துக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் நகத்தால் டேப்பின் நுனியைத் தேட ஆரம்பித்தோம். பேக்கிங் டேப்பின் குணம் உங்களுக்குத் தெரியும். நுனி கண்ணில் படாது, பட்டால் பிரியாது, பிரிந்தால் மெல்லிய நாராக ஓரமாகக் கிழிந்துகொண்டு போய் மறைந்துவிடும். உள்ளே பால் இருக்கிறது, வெளியே காபிக்கு வெந்நீர் வைக்க வேண்டும், கெட்டில் அலமாரிக்குள்.

"கத்தரிக்கோலை எடும்மா" என்றார் மாமா, பெரிய மனது பண்ணி.

என் மனைவி டிராயரைப் பார்த்தாள். டிராயருக்குக் குறுக்கே இரண்டு வரிசை டேப். அப்பாவைப் பார்த்தாள். கத்தி, பாட்டில் ஓப்பனர், முள்கரண்டி என்று கூர்மையான சகலமும் அதே டிராயரில், அதே டேப்புக்குப் பின்னால்.

கடைசியில் பக்கத்தில் நின்றிருந்த வண்டிக்காரரிடம் போய்ப் பேனாக்கத்தி கேட்டேன். எதற்கு என்றார். "ஃப்ரிட்ஜைத் திறக்க" என்றேன். அந்த மனிதர் கத்தியோடு தானும் கூடவே வந்துவிட்டார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், சிரிக்கவில்லை. மேல் அலமாரியை ஒரு தட்டுத் தட்டி, அசையாததைக் கண்டு, இந்த டேப் எங்கே கிடைக்கும் என்று மாமாவிடம் விசாரித்தார். இவ்வளவு போதும் மாமாவுக்கு. கிடங்கு, லாரி, ஒரு சாமான் உடையாத கதை எல்லாம் ஆரம்பமாகிவிட்டது.

டேப்பை வெட்டி உரித்து முடித்தோம். ஒட்டிய இடமெல்லாம் பசை பிடித்துக்கொண்டது. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு நானும் மனைவியும் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மாமா காபியும் கையுமாகச் சமையலறைக் கதவைத் திறந்து அந்தப் பட்டியலின் முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அடியில் ஏதோ எழுதிப் பார்த்தார். லேமினேட் மேல் பென்சில் வழுக்கியது. சரி என்று ஒரு துண்டுக் காகிதத்தில், 'கத்தரிக்கோல் கிடங்குப் பொறுப்பாளர் பையில்' என்று முத்து முத்தாக எழுதி, பட்டியலுக்குக் கீழே ஒட்டினார். எதைக் கொண்டு ஒட்டினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.