டீச்சர் கையை நீட்டச் சொன்ன வகுப்பு

“தசைநாண் தசையை எலும்போடு சேர்க்கும். பிணைநார் எலும்பை எலும்போடு சேர்க்கும்.” எங்கள் உயிரியல் டீச்சர் இதைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னார். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கினால் நடுவில் ஒரு நாண் புடைத்துக்கொண்டு வரும். அதுதான் தசைநாண். என் பக்கத்தில் இருந்தவளுக்கு வரவே இல்லை, பயந்துபோனாள். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நாணுக்குரிய தசை இருக்காது, அதனால் கைக்கு ஒன்றும் ஆகாது என்று டீச்சர் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அப்புறம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே முன்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அசைவது விரல், இறுகித் தளர்வது முழங்கைக்குக் கீழே இருக்கும் தசை. பொம்மலாட்டக் கயிறுபோல நாண் அங்கிருந்து இழுக்கிறது. பிணைநார் எதையும் இழுக்காது. மூட்டு போகக் கூடாத பக்கம் போகாமல் பிடித்துக்கொள்ளும். முழங்கால் பக்கவாட்டில் மடங்காமல் இருப்பது அதனால்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: “முழங்கால் சில்லுக்குக் கீழே இருப்பது எது டீச்சர்? அது எலும்பிலிருந்து எலும்புக்குத்தானே போகிறது?” டீச்சருக்கு அப்படியொரு மகிழ்ச்சி! சில்லெலும்பே தொடைத்தசையின் நாணுக்குள் உருவான எலும்பு. அதற்குக் கீழே இருக்கும் பட்டை, இணைப்பைப் பார்த்தால் பிணைநார், செய்யும் வேலையைப் பார்த்தால் தசைநாண். புத்தகங்களில் இரண்டு பெயரும் உண்டு என்றார்.

இப்போது நான் பிசியோதெரபிஸ்ட். முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குப் பிணைநார் அறுந்தவர்களுக்கு, பெரும்பாலும் அவர்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். மாதக்கணக்கில் அது மெல்ல மெல்லப் பிணைநாரைப்போல மாறுகிறது. இரண்டுமே பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள்தான் என்று தெரிந்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கணுக்கால் பிசகிய நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் அடிபடுவது பெரும்பாலும் வெளிப்பக்கப் பிணைநார். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. வலி போனதோடு விட்டுவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் மறுபடி பிசகும் வாய்ப்பு குறையும். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.