புளித்த கூழும் பிட்ஸ்பர்க்காரர்களும்

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் புரோபயாட்டிக் மாத்திரைக்கென்றே, அதாவது நல்ல பாக்டீரியாவை உயிரோடு அடைத்த மாத்திரைக்கென்றே, ஒரு தட்டு. விலையைப் பார்த்தாலே வயிறு கலங்கும். என் எரிச்சல் வேறு: குடல் பாக்டீரியா பற்றிய ஒரு முக்கியமான சோதனை நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கிராமத்து ஆட்களை வைத்துத்தான் நடந்தது, நம் வீடுகளில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

அதன் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஸ்டீபன் ஓகீஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரையும் இங்கத்திய கிராமத்துக்காரர்கள் 20 பேரையும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிச் சாப்பிட வைத்தார்கள். அவர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த கிராமத்துச் சாப்பாடு, இவர்களுக்கு இறைச்சியும் கொழுப்புமாக அமெரிக்கச் சாப்பாடு. நாரைத் தின்று பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய ஆகாரம். அது அமெரிக்கர்களுக்கு இரண்டரை மடங்கு ஏறியது, நம்மவர்களுக்குப் பாதியாக இறங்கிவிட்டது. குடல் சுவரின் அழற்சியும் அவர்களுக்குக் குறைந்து இவர்களுக்குக் கூடியது. வெறும் 40 பேர், இரண்டே வாரம், இதை வைத்துப் புற்றுநோய் வராது என்றெல்லாம் சொல்ல முடியாதுதான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் கெடும், இவ்வளவு சீக்கிரம் திருந்தவும் செய்யும் என்பது சின்ன விஷயமா?

இத்தனைக்கும் இந்தக் குடல் பாக்டீரியாக்கள் நமக்குள் பழைய குடித்தனக்காரர்கள். சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, மனிதர் எல்லாருடைய மலத்தையும் ஒப்பிட்டு 2016-இல் ஆண்ட்ரூ மோலர் குழு சொன்னது, சில பாக்டீரியா வம்சங்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளாக நம் மூதாதைகள் பிரியப் பிரியத் தாமும் பிரிந்து வந்திருக்கின்றன என்று. அந்தக் குரங்குகளைவிட மனிதக் குடலில் வகைகள் குறைவு, அமெரிக்கர்களிடம் இன்னும் குறைவு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஆயா மீலிமீலை, அதுதான் மக்காச்சோள மாவை, ராத்திரியே கரைத்துப் புளிக்க வைப்பார், காலையில் காய்ச்சி, ஆறவைத்து, மாஸ் என்கிற புளித்த பாலை ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் போடுவார். காய்ச்சும்போது புளிக்க வைத்த பாக்டீரியா செத்துப்போகும், ஆனால் ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரைக்கும் போகிறது. அங்கே இருப்பவற்றுக்கு அதுதான் தீனி. இப்போது அந்தக் கூழ் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் மட்டும். மற்ற நாளெல்லாம் வெள்ளை ரொட்டியும், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌவும்.

என் பிள்ளைகள் கூழைத் தொடமாட்டார்கள், சாம்ப்பும் (இடித்த மக்காச்சோளம்) பீன்ஸ் கறியும் என்றால் சட்டி காலி. அப்புறம் ஒன்று, நாரைத் திடீரென்று கூட்டினால் முதல் வாரம் வாயுத் தொல்லை நிச்சயம், பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.